புலேரியா வட்டம்

கோலியர்ஸ் வுட் மண்டபத்தில் ஸ்பானிய நடன வகுப்பின் கடைசிப் பாட்டு ஓடுகிறது. புலேரியா என்ற இந்தக் கொண்டாட்ட ஆட்டத்தில், வட்டத்துக்குள் ஆடுகிறவர் தரையை ஓங்கி உதைத்துச் சைகை காட்டும்வரை கிற்றார் நிற்காது. இன்று முதல் தடவையாக உள்ளே நிற்பவள் துஷ்யா. பகல் முழுக்க முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்காக நடந்த பாதங்கள் சப்பாத்துக்குள் வீங்கிக் கிடக்கின்றன. மங்கிய குழல்விளக்கின் கீழ் பாவாடை நுனியைப் பிடித்தபடி தோளை மட்டும் அசைக்கிறாள். சுற்றி நின்று கைதட்டுகிறவர்களில் தவமலர் கொட்டாவியை விழுங்குகிறாள். "முடிச்சுவிடடி துஷ்யா. என்ரை கை கழண்டு விழப்போகுது." "ஓம் அக்கா, முடிக்கிறன்." கிற்றார்க்காரர் அவள் பாதத்தையே பார்த்துக் காத்திருக்கிறார். விடிந்ததிலிருந்து மணியடித்துக் கூப்பிட்ட முதியவர்களிடமெல்லாம் ஓடியவள், உதைக்கத் தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்துவிட்டு இன்னொரு சுற்றுத் தொடங்குகிறாள்.