பிரைடிக்கு ஹாம் பிடிக்காது

பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. இரண்டு சாப்பாட்டு டப்பாக்களின் கதை சொல்கிறேன். சின்னதுதான். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

அடிலெய்டில் ஒரு சமையலறை. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். மேடைமேல் இரண்டு டப்பாக்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

நீலம் ஆல்ஃபிக்கு. ஐந்து வயது. மஞ்சள் பிரைடிக்கு. ஒன்பது.

வீட்டுக்காரி டெனிஸின் கை அன்று பறந்தது. டெலி என்கிற இறைச்சிக் கடையில் வாங்கிவந்த ஹாமை, அந்த உப்புப் பன்றி இறைச்சியை, ஏடு ஏடாகப் பிரித்து, சீஸ் குச்சியைச் சுற்றிச் சுருட்டினாள். ஃபிரிட்ஸ் என்கிற அந்த இளஞ்சிவப்பு இறைச்சி வட்டத்தை அச்சு வைத்து நட்சத்திரமாக வெட்டினாள். கொட்டை எடுத்த ஆலிவ், புளிக்க வைத்த வெள்ளரிப் பிஞ்சு, ஓரத்தில் கொஞ்சம் திராட்சை.

இரண்டு டப்பாவிலும் ஒரே மாதிரி.

இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் லினெட் வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

லினெட், குழந்தைகள் நல அலுவலகத்துக்காரி. பெற்றவர்களால் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை வேறு வீடுகளில் கொண்டு விடுவதும், மாதம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பதும் அவள் வேலை. பிரைடி இந்த வீட்டுக்கு அவளுடைய காரில்தான் வந்தாள். ஏதோ சரியில்லை என்று லினெட்டுக்குப் பட்டுவிட்டால், அதே காரில் ஏறி இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இங்கிருந்து போகக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"மத்தியானத்துக்கு நான் நேத்து மிஞ்சின பாஸ்டாவை வழிச்சுப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன். பேசாம என்னையும் இந்த வீட்டுல சேத்துக்க, டெனிஸ்," என்றாள் லினெட்.

"நீயும் நட்சத்திரம் கேட்டா நான் எங்கடி போவேன்," என்று டெனிஸ் சிரித்தாள்.

ஆல்ஃபி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். "அம்மா, எனக்கு ரெண்டு."

இன்னொரு நட்சத்திரத்தை அவன் வாயிலேயே ஊட்டினாள் டெனிஸ்.

அவன்தான் அங்கே ராஜா. போன வாரம் டெலிக்குப் போனபோது, குழந்தைகளுக்குச் சும்மா கொடுக்கிற ஃபிரிட்ஸ் துண்டைக் கடைக்காரி ஆளுக்கு ஒன்றாக நீட்டினாள். "ஒண்ணு போதும்ங்க," என்று டெனிஸ் வாங்கி அவன் கையில் கொடுத்தாள். மற்றொரு துண்டு கடைக்காரியின் விரலில் சிறிது நேரம் தொங்கிக்கொண்டிருந்தது. பிரைடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஆலிவ்களைப் பார்ப்பதுபோல நின்றாள்.

லினெட் கிளம்பினாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

என்ன செய்வது என்று பிரைடிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரைடி மஞ்சள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். ஹாம் சுருள்களை எடுத்து, ஃபிரிட்ஜில் ஆல்ஃபியின் நாளைய தட்டில் அடுக்கினாள். நட்சத்திரத்தை அதன்மேல் வைத்தாள். ஆலிவையும் திராட்சையையும் கிண்ணத்தில் போட்டாள். ரொட்டியின் இரண்டு முனைத் துண்டுகளை எடுத்து, மார்ஜரினைத் தடவி, டப்பாவில் வைத்தாள்.

விரலில் ஹாமின் உப்பு ஒட்டியிருந்தது. நக்கப் போனவள், டெனிஸ் பார்ப்பதைக் கண்டு சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"யூனிஃபார்ம்ல துடைக்கிற. துவைக்கிறது யாரு, உங்க லினெட்டா?"

லினெட் கதவருகே நின்றிருந்தாள். கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். அவள் கண் நீல டப்பாவைப் பார்த்தது. மஞ்சளைப் பார்த்தது.

"பிரைடி, உன்னோடதெல்லாம் எங்கம்மா?"

டெனிஸின் முகத்தில் ரத்தமில்லை. ஒரு வார்த்தை போதும், கண்ணுகளா. அந்தப் பெண் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"எனக்கு ஹாம் பிடிக்காது." வாயில் ஊறியதை விழுங்கிவிட்டுச் சொன்னாள் பிரைடி. "குமட்டிக்கிட்டு வரும். நானேதான் எடுத்து வச்சேன்."

"நட்சத்திரம் கூடவா?"

"அதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு."

லினெட்டுக்கு இன்னும் பல வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது. நம்புவது சுலபமாக இருந்தது, நம்பிவிட்டாள்.

"பெரிய மனுஷி ஆயிட்ட," என்று சிரித்து, கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனாள். இந்த முறை கார் கிளம்பும் சத்தமும் கேட்டது.

டெனிஸ் மஞ்சள் டப்பாவை மூடி, சொடுக்கி அழுத்தினாள்.

"கேட்டுக்கிட்டேன். இனிமே அவ வர்ற அன்னிக்கும் உனக்கு எடுத்து வைக்க வேண்டாம். நீயே சொல்லிட்ட, இல்லையா?"

"ஆமா."

ஆல்ஃபிக்கு அது வேடிக்கையாக இருந்தது. "பிரைடிக்கு ஹாம் பிடிக்காது, பிரைடிக்கு ஹாம் பிடிக்காது" என்று ராகம் போட்டுக் குதித்தான். பிரைடி மண்டியிட்டு, அவிழ்ந்து கிடந்த அவன் ஷூ கயிற்றைக் கட்டினாள். இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

முன்னால் ஒரு தடவை வீடு மாற்றியபோது, எந்த வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு மேல் இடமில்லை என்று இவர்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் கொண்டு விட்டார்கள். இரண்டு வருஷம். மறுபடி அவளை இந்த வாசலில் கொண்டுவந்து இறக்கியபோது, அவள் இடுப்பிலேயே கிடந்து வளர்ந்த தம்பி ஆல்ஃபி டெனிஸின் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டான்: "இது யாரும்மா?"

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் தூங்கி எழட்டும். வந்து சேர்ந்த பிள்ளைக்கும் அங்கே வயிறு குளிரட்டும்.