அந்த 486 கம்ப்யூட்டர்

"இது அநியாயம்லா, அண்ணே! ஒரு புரோகிராம் புத்தம்புது 486-ல ஓடப்போகுது, இன்னொண்ணு பழைய 286-ல. சைக்கிளையும் காரையும் பந்தயம் விடுவீங்களா?"

அவரவர் எழுதிய புரோகிராம்கள் மோதும் கம்ப்யூட்டர் செஸ் இறுதிப் போட்டிக்கு அரைமணி நேரமே இருந்தது. நாகநாதன் தையத்தக்கா என்று குதித்தான்.

போட்டியை நடத்தும் கார்த்திகேசு பொறுமையாகச் சொன்னார். "தம்பி, அவங்கவங்க கம்ப்யூட்டரைக் கொண்டு வரலாம்னுதான் ரூல்."

"அப்போ நான் விளையாடல. அடுத்த ஃபெர்ரியிலேயே பட்டர்வொர்த் வீட்டுக்குத் திரும்பிடுறேன்."

கார்த்திகேசுவுக்குப் பாவமாக இருந்தது. செஸ் மன்ற ஆபீசிலிருந்து ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்களைத் தூக்கிவந்து வைத்தார். எதிராளி சந்திரிகாவும் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள்.

நாற்பத்தோராவது நகர்த்தலில் நாகநாதனின் ராஜா தப்ப வழியில்லாமல் நின்றது.

"வருத்தப்படாதே தம்பி. அந்த 486-கிட்ட இன்னும் சீக்கிரமே தோத்திருப்பே."

"அந்த 486 என்னோடதுண்ணே."

கார்த்திகேசு வாயைப் பிளந்தார். "பைத்தியமா உனக்கு? அதுல விளையாடியிருந்தா கப்பு உனக்குத்தானே!"

"கப்பு கிடைச்சிருக்கும். 'நீங்களா ஜெயிச்சீங்க, உங்க கம்ப்யூட்டர்தானே ஜெயிச்சது'ன்னு ஆயுசுக்கும் வீட்டுல பேச்சு கேக்கணுமே."

"வீட்டுலயா? அங்க யாரு பேசப்போறா?"

கோப்பையோடு வந்த சந்திரிகா அதை நாகநாதன் கையில் திணித்தாள்.

"இதைப் பிடிங்க. கார்ச் சாவியைக் கொடுங்க, வீட்டுக்குப் போகலாம். அந்த 486 இனிமே என் மேசையிலதான் இருக்கும்."