மைக்குக்குக் கேட்கும் வயிறு

சிவப்பு விளக்கு எரிகிறது. டப்பிங் பேசுகிறவள் மைக் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திரையில் கணவனை இழந்தவள் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வசனம் வர நேரமிருக்கிறது. அந்த மௌனம்தான் இவளுக்கு எமன். போன வாரம் இதே இடத்தில் இவள் வயிறு முந்திக்கொண்டு பேசிவிட்டது. "இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்மா" என்ற தயாரிப்பாளர், இப்போது கண்ணாடிக்கு அப்பால் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறார். அதற்காகத்தான் இந்தப் புரோபயாட்டிக் மாத்திரை. "குடலுக்கு நல்ல கிருமிக்கா. பழகற வரைக்கும் வயிறு கொஞ்சம் கடமுடாங்கும்" என்று மருந்துக்கடைப் பெண் சொன்னதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கியவள், காலையில் ஒன்றுக்கு இரண்டாக விழுங்கிவிட்டு வந்திருக்கிறாள். நல்லவர்கள் உள்ளே குடிவருகிறார்கள். கட்டில் பீரோவையெல்லாம் இழுத்துப் போடுகிறார்கள். உள்ளங்கையால் வயிற்றை அமுக்குகிறாள். கொர்ர்ர் என்று நீளமாக ஒரு சத்தம். தயாரிப்பாளரின் புருவம் ஏறுகிறது. பக்கத்திலிருக்கும் ஒலிப்பதிவுக்காரன் இவளைப் பார்க்காமலே, இவளுக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்திப் பேசுகிறான்: "மைக் வயர் கொரகொரங்குது சார். போன வாரமும் இதுதான் போல." எழுந்து உள்ளே வந்து, ஒரு பாவமும் அறியாத வயரைக் கழற்றி வேறொன்றை மாட்டுகிறான். குனிந்தபடியே முணுமுணுக்கிறான்: "அக்கா, இதுக்கு மேல மாத்த வயர் இல்ல." சிவப்பு விளக்கு மறுபடி எரிகிறது.