கழன்ற எர்த் கம்பி

வேனையே வீடாக்கிக்கொண்ட பெரியவர் இரண்டு டம்ளர்களில் டீ ஊற்றுகிறார். வெளியே மெக்கானிக் வேன் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறான்; சுள்ளென ஷாக் அடிக்கிறது. ஜெனரேட்டரை அணைத்ததும் வெயிலின் நிசப்தம் வந்து கவிகிறது. எர்த் கம்பி கழன்று தொங்குகிறது, இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக. பெரியவரின் சட்டைப்பையில் ஸ்பேனர் கனக்கிறது. “ரோடு மோசம் தம்பி, குலுங்கிக் குலுங்கிக் கழண்டுடுது.” வேன் நகர்ந்தே மாதக்கணக்காகிறது, சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது. நட்டின் புதுக்கீறலை விரலால் தடவிய மெக்கானிக், கம்பியை மாட்டி நட்டை முறுக்குகிறான். ஆற அமர டீயைக் குடித்து டம்ளரை வைக்கிறான். “ஷாக் அடிச்சு விழுந்தா தூக்கக்கூட இங்க ஆளில்லய்யா. இனிமே ஃபேன் ஓடலைன்னு சொல்லிக் கூப்பிடுங்க. அது போதும், வந்துடறேன்.”