பதினான்கு நிமிடம்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியிலுள்ள பழுதுபார்க்கும் கடையில் ஒரு தம்பதி கொண்டுவந்திருந்த ஏழு வருடப் பழைய லேப்டாப் ஆன் செய்யப்பட்டது. வேலைக்குத் தயாராக அது பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது.

மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்துச் சீட்டில் குறித்துக்கொண்டார். “நீங்க கூட்டிச் சொல்றீங்கன்னு நெனச்சேன் சார். நெசமாவே பதினாலுதான்.”

“தினம் இதே பாடு,” என்றார் கணவர். “வீட்லயிருந்தே ஆபீஸ் வேலை பாக்கறா. காலையில இதை ஆன் பண்ணிட்டு அப்படியே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பா. ஆபீஸ் ஆரம்பிச்சாச்சுன்னு நாங்களும் பேச்சுக் கொடுக்கறதில்ல. மாத்திடலாம்னு பத்து தடவை சொல்லிட்டேன், வேணாங்கறா. இன்னிக்கு நானே இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தூங்கி எழுந்தும் களைப்புப் போகாத முகம். மூக்குக்கண்ணாடியின் கம்பி தளர்ந்திருந்தது. கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, அதிலிருந்த குட்டித் திருப்புளியால் இரண்டே திருகில் சரிசெய்துகொண்டார். தொழில் பழகிய கை என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

“பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. போட்டா பதினஞ்சே செகண்டு. ரேமையும் கூட்டிட்டா இன்னும் நாலு வருஷம் ஓடும்.” லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தது. “யாரோ பொருந்தாத திருப்புளி போட்டுத் திறந்திருக்காங்களே.”

மூடியைக் கழற்றினார். ரேம் தகடு செருக இரண்டு இடங்கள், ஒன்று காலி.

“வாங்கின பில்லுல எட்டு ஜி.பி.ன்னு போட்டிருக்கு. நாலு நாலா ரெண்டு இருக்கணும், ஒண்ணைக் காணோம். இது இந்த இழுவை இழுக்கறதுக்குப் பாதிக் காரணம் அதுதான் சார்.”

கணவரின் முகம் மாறியது. “ரெண்டு வருஷம் முன்னாடி தூசி தட்டித் தரேன்னு இவ தம்பிதான் வாங்கிட்டுப் போனான். அப்புறம்தான் இது படுத்துச்சு. அக்கா பொருள்லயே கை வச்சிட்டானா?”

“அவன் அப்படிப்பட்டவன் இல்லைங்க.”

“பின்ன, ரேமுக்குக் கால் முளைச்சுதா? இனிமே அவன் என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. இப்பவே கேட்டுடறேன்.” போனை எடுத்து மச்சானின் எண்ணைத் தேடினார்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு புது எஸ்.எஸ்.டி.யின் உறையைப் பிரிக்கத் தொடங்கினார். அடுத்தவர் குடும்பச் சண்டையில் காது கொடுப்பதில்லை என்பது அவருடைய கடை வழக்கம்.

“அவனுக்குப் போன் போடாதீங்க.”

மனைவி கண்ணாடிக் கூட்டை மறுபடி திறந்தார். துடைக்கும் துணியை விலக்கி, அடியிலிருந்து விரல் நீளப் பச்சைத் தகடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். 4 ஜி.பி. என்று அதில் அச்சிட்டிருந்தது.

மெக்கானிக்கின் கை நின்றது.

“நீயா?” என்றார் கணவர். “எதுக்குடி?”

“அந்தப் பதினாலு நிமிஷம்தான் ஆபீசும் கூப்பிடாது, நீங்களும் கூப்பிட மாட்டீங்க.”