ஜெர்லினின் பெயர்

நாட்டு நலப்பணி முகாமுக்காக வடக்கே ஒரு நகரத்துக்குப் போயிருந்தோம். பள்ளிச் சுவர்களுக்கு வண்ணமடித்து முடித்த மறுநாள் ஊர் சுற்றக் கிளம்பி, நானும் ஜெர்லினும் காது கேளாத மதுரவல்லியும் ஒரு சந்தைக்குள் வழி தவறிவிட்டோம். ஐந்து மணிக்கு ரயில். எங்களுக்கு இந்தி ஒரு சொல் வராது. ஜெர்லின் அழவே தொடங்கிவிட்டாள்.

மதுரவல்லி ஒரு வளையல்காரம்மாவின் முன் போய் நின்றாள். கைகளால் ரயில் ஓட்டிக் காட்டி, மணிக்கட்டைத் தட்டினாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டு எங்களோடு ரயிலடி வரைக்கும் வந்தார். வழி நெடுக இருவரும் கையாலேயே அரட்டையடித்தார்கள்.

ரயில் நகர்ந்ததும் ஜெர்லின் மதுரவல்லியின் எதிரே வந்து உட்கார்ந்து, உதடு தெளிவாக அசையக் கேட்டாள். "என் பேரைக் கையால எப்படிடி சொல்லுவே?"

மதுரவல்லி யோசிக்கவே இல்லை. ஜெர்லினுக்குக் குழி விழுகிற இடத்தில், தன் கன்னத்தில் ஒரு விரலை வைத்துத் திருகினாள்.

"எப்போ வச்சே இந்தப் பேரு?"

கைபேசியில் தட்டி நீட்டினாள். 'காலேஜ் சேர்ந்த அன்னைக்கே.'

"மூணு வருஷமா உங்கிட்ட நான் பேசினதே இல்லையேடி" என்றாள் ஜெர்லின். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தப் பெயரைத் தன் கன்னத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.