இன்னொரு டப்பா

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகச் சோற்றுப் பானையைத் திறந்த மகளை மாரீஸ்வரி பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, காலையில டப்பா நிறைய புளிச்சோறு வச்சேனே. யாருக்குக் கொடுத்தே?"

"டப்பா கொண்டு வராத ஒரு ஆளுக்கு," என்றாள் இரண்டாம் வகுப்பு அபிநயா. "டீச்சர் கதை சொன்னாங்க. பசிச்சவங்களுக்கு நம்ம சோத்தைக் கொடுக்கணுமாம். வேண்டாம்னாலும் விடக்கூடாதாம். யாருன்னு வெளிய சொல்லவும் கூடாதாம்."

மாரீஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தாராவியில் தாயில்லாத எந்தப் பிள்ளையோ என்று நினைத்து, மறுநாள் முதல் இரண்டு டப்பா கட்டினாள். அந்தப் பிள்ளையின் டப்பாவில் நெய் சற்றுத் தூக்கலாகவே இருந்தது.

மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஃபர்ஸானா டீச்சரிடம் மாரீஸ்வரி தணிந்த குரலில் கேட்டாள்.

"எம்புள்ள தினமும் டப்பா கொடுக்குதே, அந்தப் புள்ளய ஒரு தடவை பாக்கலாமா டீச்சர்? பாவம், வீட்ல சோறாக்க ஆளில்லையோ?"

ஃபர்ஸானாவின் முகம் சிவந்தது.

"ஆளெல்லாம் இருக்காங்கக்கா. அடுத்த மாசம் எனக்கு நிக்காஹ். உடம்பைக் குறைக்கலாம்னுதான் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினேன்."

"அப்ப அந்த டப்பா உங்களுக்கா டீச்சர் வந்துச்சு?" என்றாள் மாரீஸ்வரி.

"வேண்டாம்னு சொன்னா, 'அப்ப நீங்க சொன்ன கதை பொய்யா டீச்சர்'னு கேக்குறா. கல்யாண ப்ளவுஸை ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சாச்சு."

"மன்னிச்சிருங்க டீச்சர். இனிமே கொடுக்காதன்னு சொல்லிருதேன்."

ஃபர்ஸானா அவசரமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணம் வரைக்கும் மட்டும் கொடுக்க வேண்டாம்னு சொல்லுங்கக்கா. அதுக்கப்புறம் அந்தக் கதையை நான் மறுபடியும் நடத்திக்கிறேன்."